ஏறுவதற்கு முன் இறங்கியவர்

நல்லம்பள்ளியில் ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்று சொன்னால் சொன்னவர்மேல் ஒரு கோப்பு தொடங்கிவிடுவார்கள், வேண்டாம். அங்கே உதவியாளர் மாதவராஜ் ஒரு மாதம் விடுப்புக் கேட்டார். மகள் பிரியதர்ஷினிக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிரசவம். தாயில்லாத பெண். "நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்ப்பா" என்று அவள் போனில் சொன்னதிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

கண்காணிப்பாளர் தீர்த்தகிரி விதிப்படி நடப்பவர். தூரமும் பயண நேரமும் பார்க்காமல் யாரையும் பக்கத்திலிருக்கும் மொரப்பூருக்குக்கூட விட்டதில்லை.

"பெங்களூர்லேருந்து டோக்கியோங்க சார். அங்கிருந்து கடல் மேலயே எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருங்க."

"டோக்கியோவுல எப்ப ஏறுறீங்க?"

"சாயந்திரம் அஞ்சு மணிக்குங்க."

"எறங்குறது?"

"அதே நாள் காலையில பத்தரைக்குங்க."

தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஏறுறதுக்கு முன்னாடியே எறங்கிடுவீங்களா?"

"அந்த ஊருக் கடியாரம் பின்னாடி இருக்குதுங்க சார். பறக்கறது ஒம்பது மணி நேரத்துக்கு மேல ஆவுதுங்க."

"விதியில தேதியும் மணியுந்தான் இருக்குது. அதுப்படி பயண நேரம் மைனஸ். மைனஸுக்கு எப்படி விடுப்புக் குடுக்கறது? பத்தரைக்கு நீங்க ரெண்டு நாட்டுலயும் இருக்கறீங்க. அரசு ஊழியர் அப்படி இருக்கலாமா?"

ஓரிடத்திலும் இல்லாமல் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே என்று சொல்ல வந்து, பிரசவத்தை நினைத்து மாதவராஜ் விழுங்கிக்கொண்டார்.

கோப்பு மேலிடம் சென்றது. கடலே இல்லாத மாவட்டத்தில் கடல் தூரத்துக்கு யார் சான்று தருவது என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு ஒகேனக்கல் சென்று, தண்ணீரை நேரில் பார்வையிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுத் திருப்தி தெரிவித்தது.

அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. படம் வந்தது. "பொண்ணுப்பா. உங்க மூக்கு." மாதவராஜ் பதிவறையில் நின்று அழுதார். உணவு இடைவேளை என்பதால் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஆணை வந்தது: 'புறப்படுமுன் சென்றடைவது மேற்படி பயணத்தின் இயல்பாதலின், மனுதாரர் கடந்த மாதமே சென்று திரும்ப இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது.'

"பிரசவத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டீங்க! சந்தோஷந்தானே?" என்றார் தீர்த்தகிரி.

"நான் இங்கதானேங்க சார் இருந்தேன். தெனம் கையெழுத்துப் போட்டிருக்கறேன்."

"விடுப்புல இருக்கறவர் போட்ட கையெழுத்து செல்லாதுங்க. அடிச்சிடலாம்."

தட்டச்சர் சசிகலா எழுந்து வந்தாள். "ஒரு மாசம் அமெரிக்காவுல இருந்துட்டு வெறுங்கையோடவா வந்தீங்க? சாக்லேட்டு எங்கீங்க சார்?"

போகவே இல்லை என்று எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. ஆணை இருக்கிறதே. மறுநாள் பஸ் ஸ்டாண்டுக் கடை மிட்டாயைத் தாள் பிரித்துத் தட்டில் கொட்டிவைத்தார்.

தீர்த்தகிரி ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "இந்த ருசி நம்மூர்ல வராதுங்க." அலுவலகமே ஆமோதித்தது.

"அங்க குளிரு எப்படிங்க சார்?" என்றாள் சசிகலா.

மாதவராஜ் போனில் இருந்த குழந்தையின் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நடுங்குதுங்க. பாப்பாவைத் துணியில சுத்திக் குடுத்தாங்க. நாந்தான் மொதல்ல கையில வாங்கினேன்."