எழுவர் மன்றம் நாற்பத்தொருவர் மன்றமானது

இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஒரு நாடு உண்டு. ஈராற்று நாடு என்பது அதன் பெயர். அதைத் தேடிப் புறப்பட்டவர்கள் எல்லாரும் கடைசியில் தங்கள் ஊருக்கே வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

அந்த நாட்டில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் குடத்தில் ஓலை போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் தவறினால் கேட்பதற்கு எழுவர் மன்றம் இருந்தது. ஏழு நடுவர்கள். அவர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒருவர் இறந்தால் மற்ற அறுவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஏழாமவரைத் தெரிவு செய்வார்கள். எப்படியோ அந்த ஏழாமவர் அறுவரில் ஒருவருக்கு மருமகனாகவோ மைத்துனனாகவோ இருந்துவிடுவார்.

மன்றத்தைக் குறை சொல்லாதவர் நாட்டில் இல்லை. வேனிலுக்கு இரண்டு மாதம் விடுமுறை, மழைக்கு ஒரு மாதம். ஒரு பலாமரம் யாருடையது என்ற வழக்கில் தீர்ப்பு வந்தபோது வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, மரமும் இல்லை.

கடைமடை ஊரான நுணாக்குடியில் நெல் பயிரிட்டுவந்த வெண்ணி என்ற பெண்ணுக்கும் அந்த மன்றத்தில் ஒரு வரப்பு வழக்கு இருந்தது. அவள் தகப்பனார் தொடுத்தது. அவர் இறந்தே பதினொரு ஆண்டு ஆகியிருந்தது. ஆகவே கோமாறன் என்பவர் தேர்தலில் நின்று, "நீங்க போடற ஓலை பெருசா, அந்த ஏழு கெழவங்க சாத்துற கதவு பெருசா?" என்று கேட்டபோது, உள்ளங்கை சிவக்கக் கைதட்டியவர்களில் வெண்ணியும் ஒருத்தி.

கோமாறன் வென்றார். வென்ற இரண்டாம் ஆண்டு தலைநகரில் ஒரு நீர்ப்பூங்கா கட்டினார். அதற்கு மேலேரியிலிருந்து தண்ணீர் வர வேண்டும். ஏரியின் தென்மதகை அடைத்தால்தான் வரும். தென்மதகின் காவலர் காரி, வெண்ணியின் அண்ணன். அடைக்கச் சொல்லி அவரிடம் ஓர் அதிகாரி ஆணை கொண்டுவந்தார்.

கதிர் பால் பிடிக்கும் நேரம் அது. கடைமடை ஊர்கள் மூன்றும் சம்மதிக்காமல் தென்மதகை அடைக்கக் கூடாது என்பது ஏரி வெட்டிய நாளிலிருந்து இருக்கும் விதி.

"மூணு ஊர்லயும் கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. நானே அடைக்கிறேன்" என்றார் காரி.

"தலைவர் சொன்னதுக்கு மேல ஊரைக் கேக்கணுமாய்யா?"

"விதி அப்படித்தாங்க இருக்கு. நான் எழுதினது இல்ல."

அன்று பொழுது சாய்வதற்குள் காரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மதகு அடைபட்டது. என்ன குற்றம் என்று காரியிடமும் சொல்லவில்லை, வெண்ணியிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் சிறை வாசலில் நின்று பார்த்துவிட்டு அவள் மன்றத்துக்குப் போனாள்.

நல்வேளையாக மன்றம் விடுமுறையில் இல்லை. மருதனார் என்ற நடுவர் வழக்கைக் கேட்டார். ஐம்பத்தெட்டு வயது, எழுவரில் இளையவர். மாமனார் தயவில் இருக்கைக்கு வந்தவர் என்பது ஊரறிந்த செய்தி. இவர் என்ன செய்துவிடப் போகிறார் என்றுதான் வெண்ணியும் நினைத்தாள்.

அரசுக்காகச் சட்ட அமைச்சர் சொற்கோ நேரில் வந்திருந்தார்.

"இவர் செய்த குற்றம் என்ன?" என்று கேட்டார் மருதனார்.

"நாட்டின் நலனை முன்னிட்டு அதை வெளியிடுவதற்கில்லை."

"அவரிடமாவது சொன்னீர்களா?"

"சொன்னால், நாட்டின் நலன் எதில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்."

மருதனார் தீர்ப்பு எழுதினார். குற்றம் இன்னதென்று சொல்லி மன்றத்தின் முன் நிறுத்தாமல், எவரையும், அவர் யாராக இருந்தாலும், பதினைந்து நாளுக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. காரியை உடனே விட வேண்டும்.

வெண்ணி தீர்ப்பின் நகலைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு சிறைக்கு ஓடினாள். வாசலில் இருந்த காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தீர்ப்பு சரிதாம்மா. ஆனா மன்றத்தையே திருத்தப் போறாங்களாம். திருத்தம் வர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

திருத்தம் ஒன்பதாம் நாள் வந்தது.

அவையில் சொற்கோ பேசினார். "ஏழு பேர் எப்படி ஒரு நாட்டுக்கு நீதி வழங்க முடியும்? நீதியைப் பெருக்குவதே நம் அரசின் கொள்கை. இன்றுமுதல் நடுவர்கள் இருபத்தொருவர். புதிய பதினால்வரையும் மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். மக்களைத் தலைவர் தேர்ந்தெடுப்பாராதலால்…" என்று சொல்லி, தவறை உணர்ந்து, "மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் தேர்ந்தெடுப்பார்" என்று திருத்திக்கொண்டார். அவை இரண்டுக்கும் கைதட்டியது.

செய்தி வெண்ணிக்கும் எட்டியது. கதவு திறக்க வேண்டும் என்றுதானே அவளும் கை தட்டினாள்?

அடுத்து, அறுபது வயது கடந்த நடுவர்கள் வீட்டில் ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பழையவர்களில் அறுவர் போனார்கள்; அவர்கள் இடத்துக்கும் தலைவரே ஆள் போட்டார். மருதனார் எஞ்சினார். ஒவ்வொரு வழக்கிலும் இருபதுக்கு ஒன்றாக மறுத்து எழுதிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்து, ஓய்வு வயது ஐம்பத்தேழரை என்று மாறியது. பல நாடுகளையும் ஆராய்ந்து கண்டறிந்த வயது இது என்றார் சொற்கோ.

மூன்றாவதாக மறுபார்வைச் சட்டம். ஒரு தீர்ப்பு பிழையென்று தலைவருக்குத் தோன்றினால், பிழை நீங்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அதை மன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். அந்தச் சட்டத்தை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தினார்கள். காரியை விடச் சொன்ன தீர்ப்பு திரும்பிப் போயிற்று. பிழை நீங்கி வந்தது. அதன்பின் எந்தத் தீர்ப்பையும் திருப்பி அனுப்பும் தேவை ஏற்படவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்குகள் விரைந்தன. இருபது ஆண்டாகக் கிடந்தவை இருபது நாளில் முடிந்தன. வெண்ணியின் வரப்பு வழக்கு ஒரே முற்பகலில் முடிந்தது. எதிராளி இப்போது கோமாறன் கட்சியின் ஊர்த்தலைவர். வரப்பு வெண்ணியின் நிலத்துக்குள் பதினாறு முழம் தள்ளிப் போயிற்று.

போனது வரப்பு மட்டுமல்ல. தண்ணீர் இல்லாமல் மூன்று ஊரிலும் பயிர் பதராயிற்று. மதகைப் பற்றி மன்றத்துக்குப் போனவர்களை, "மருதனார் எழுதிய பதினைந்து நாள் இன்னும் நினைவிருக்கிறதா?" என்று சிரித்துக் கேட்டு உள்ளே வைத்தார்கள். வெண்ணியின் தாய் மகனைப் பார்க்காமலே கண்ணை மூடினாள். இறுதிச் சடங்குக்குக் காரியை விடவில்லை. வெண்ணியே கொள்ளி வைத்தாள்.

பிறகு தேர்தல் வந்தது. இளம்பூதன் என்பவர் எதிர்த்து நின்றார். மன்றத்தை மீட்பேன் என்றார். சிறையில் இருப்பவர்களின் பெயர்களை மேடையில் ஒவ்வொன்றாக வாசித்தார். காரியின் பெயர் வந்தபோது குரல் தழுதழுத்தது. வெண்ணி அவருக்காக நாற்பது ஊர் நடந்தாள். எங்கே போனாலும் ஒன்றையே சொன்னாள்: "எங்கண்ணன் என்ன தப்பு செஞ்சாருன்னு சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டா நான் வீட்டுக்குப் போயிடறேன்."

இளம்பூதன் வென்றார்.

முதல் அவைக் கூட்டத்தில் சட்ட அமைச்சர் எழுந்தார். அவர் சொற்கோதான். மக்களின் தீர்ப்புக்குத் தலைவணங்கி, தேர்தலுக்கு மறுநாளே அவர் கட்சி மாறியிருந்தார்.

"கத்தி மீது குற்றமில்லை, பிடித்த கை மீதுதான் குற்றம். இப்போது அது நல்ல கையில் இருக்கிறது. இருபத்தொருவரும் பழைய தலைவரின் ஆட்கள் ஆகையால், நடுநிலைக்காக நம்முடையவர்கள் இருபது பேரைச் சேர்க்கிறோம். நாற்பத்தொருவர் மன்றம் வாழ்க!"

இருபத்தொருவரில் பத்தொன்பது பேர் அன்றே நல்ல கைக்கு மாறிவிட்டதால் சேர்த்தவர்களுக்கு வேலை இல்லை. இருக்கை மட்டும் போட்டார்கள். நீர்ப்பூங்காவுக்கு மக்கள் பூங்கா என்று பெயர் மாற்றினார்கள். மதகைத் திறக்கவில்லை.

காரியை மட்டும் விடுவதாகச் சொன்னார்கள். ஓர் ஓலை கொண்டுவந்தார்கள். 'தவறு செய்தேன். தலைவரின் கருணையால் விடுதலை பெறுகிறேன்' என்று அதில் எழுதியிருந்தது. கீழே கையொப்பம் போட வேண்டும். காரி மறுத்துவிட்டார்.

செய்தி கேட்டு வெண்ணி பதறிப்போய் வந்தாள். கம்பிக்கு உள்ளே அண்ணன் பாதியாகியிருந்தார். தாடி நரைத்துவிட்டது.

"அண்ணே, ஒரு கோடு கிழிச்சுட்டு வந்துடுண்ணே. அம்மா போயிட்டாங்க. நான் ஒத்தையா இருக்கேன்."

"என்ன தப்பு செஞ்சேன்னு எழுதலையே வெண்ணி."

"எதையாவது எழுதிட்டுப் போறாங்க! உனக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா?"

காரி கம்பிக்கு அருகே வந்தார். "இன்னைக்கு இவருக்கு மனசு வந்துச்சு, விடறாரு. நாளைக்கு மனசு மாறினா திரும்ப வந்து பிடிப்பாரு. அப்ப எதைக் காட்டி நான் கேக்கறது? தப்பு இல்லன்னு ஒருத்தர் எழுதித் தரட்டும். நடந்தே வந்துடறேன்."

வெண்ணி கோபத்தில் கம்பியை அறைந்தாள். அழுதாள். "நீயும் உன் விதியும்!" என்று திட்டிவிட்டு வெளியே வந்தாள். வாசல் தாண்டும்போதே அண்ணன் சொன்னது சரி என்று அவளுக்குப் பட்டது. அது அவள் கோபத்தைக் கூட்டியது.

அந்த வாரமே கோமாறனைப் பிடித்து அதே சிறையில் அடைத்தார்கள். என்ன குற்றம் என்று சொல்லவில்லை. ஊர் வெடி வைத்துக் கொண்டாடியது. நுணாக்குடியில் காய்ந்த வயலில் நின்று பிள்ளைகள் ஆடினார்கள்.

ஒரு மாதம் கழித்து வெண்ணி மருதனாரைத் தேடிப் போனாள். ஓய்வுக்குப் பின் அவர் ஒரு சிறு வீட்டில் இருந்துகொண்டு, கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துவந்தார். அவள் போனபோது உள்ளே ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோமாறனின் மனைவி நச்செள்ளை. அவள் கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லை.

"முப்பது நாளாச்சு ஐயா. காரணமே சொல்ல மாட்டேங்கறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெண்ணியைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு மூணு வருசம்" என்றாள் வெண்ணி.

நச்செள்ளை தலை குனிந்தாள்.

மருதனார் இருவரையும் பார்த்தார். "வெண்ணி, நான் ஒளிக்காமச் சொல்றேன். எங்க மேலயும் தப்பு இருக்கு. கதவைச் சாத்திக்கிட்டு எங்களுக்குள்ளயே பங்கு போட்டுக்கிட்டோம். அதனாலதான் அவங்க இடிக்க வந்தப்போ தடுக்க ஒருத்தரும் வரல. நீயும் வரல."

"கை தட்டினேன் ஐயா."

"தெரியும். இப்போ உன் அண்ணனுக்கு மனு எழுதணும்னா அந்தப் பதினைந்து நாள் விதியைத்தான் மறுபடி கேக்கணும். அதுல 'அவர் யாராக இருந்தாலும்'னு எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை எடுத்துட்டா விதி இல்ல, கருணைதான். உன் அண்ணனுக்குக் கேட்டா அது இந்தம்மா வீட்டுக்காரருக்கும் சேரும். அவரை விட்டுட்டுக் கேக்க எனக்கு வழி தெரியல. நீ வேணாம்னா நான் எழுதல."

அம்மாவின் சிதைக்கு முன் தான் தனியாக நின்றது வெண்ணியின் கண்முன் வந்தது. எழுந்து வாசல் வரை போனாள். நச்செள்ளையும் எழுந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கண்ணன் கிட்ட என்ன தப்புன்னு சொல்லவே இல்லையே, அம்மா" என்றாள் வெண்ணி, முகத்தைத் திருப்பாமல்.

"இல்ல."

"நீங்களும் கேக்கலியா?"

"கேக்கல" என்றாள் நச்செள்ளை. "கேக்கணும்னு தோணவே இல்ல."

அந்த உண்மைக்காகவோ வேறு எதற்காகவோ வெண்ணி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எழுதுங்க ஐயா. ரெண்டு பேரையும் சேத்தே எழுதுங்க. ஆனா எங்கண்ணன் பேரு மொதல்ல."

மறுநாள் மன்றத்தில் மனு வாங்கும் எழுத்தர் பெயர்களைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, ரெண்டாவது பேரு யாருன்னு தெரியுமா?"

"என்னை விட யாருக்குத் தெரியும்? முத்திரை குத்துங்க."

அவர் குத்தினார். வெண்ணி வெளியே வந்தபோது நுணாக்குடிக்காரர்கள் சிலர் அவளைக் கண்டு முகம் திருப்பிக்கொண்டார்கள். இன்றும் அவளிடம் பேசாதவர்கள் ஊரில் உண்டு. வேறு சிலர் மருதனாரிடம் போய், அந்த மனுவில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் தங்கள் வீட்டுப் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். இப்போது அதில் அறுபத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. நாற்பத்தொருவரும் அதை இன்னும் விசாரணைக்கு எடுக்கவில்லை.

ஈராற்று நாட்டில் மறுபடியும் தேர்தல் நெருங்குகிறது. நடுவர்களை அறுபத்தொருவராக்குவோம் என்று ஒரு கட்சியும், ஒன்பதாகக் குறைப்போம் என்று மற்றொரு கட்சியும் வாக்களித்திருக்கின்றன. அந்த மனுவை எடுத்துக் கேட்போம் என்று இதுவரை எந்தக் கட்சியும் சொல்லவில்லை. எந்தக் கட்சி வென்றாலும் சட்ட அமைச்சர் யார் என்பதில் மட்டும் நாட்டில் கருத்து வேறுபாடு இல்லை.