குன்றிலிருந்து நான் கொண்டுவந்த நெருப்பு

அக்டோபர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று நான் ஒரு சபதம் செய்தேன். என் மனைவி நோரீன் கை தட்டினாள். கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாதக் கடைசி நாள் எங்கள் அயர்லாந்தில் சௌவின் என்கிற திருநாள். பெயருக்குக் கோடை முடிந்தது என்றுதான் அர்த்தம். போனவர்கள் ஒரு மாலைக்கு வீடு திரும்புகிற நாள். அதை வெளியூர்க்காரர்கள் ஹாலோவீன் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். பூசணிக்காயையும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டையும் சேர்த்து எங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். நாங்களும் வாங்கி வாசலில் மாட்டிக்கொண்டோம். என் சின்ன வயதில் பூசணி ஏது? டர்னிப் கிழங்குதான். குடையப் போனால் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, கரண்டிதான் வளையும். உள்ளே மெழுகுவத்தி ஏற்றிவிட்டால், முகம் செதுக்கியவனே அதைப் பார்த்து வீட்டுக்குள் ஓடிவிடுவான்.

அதற்கும் ரொம்ப முன்னால் வேறொரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அன்றைக்கு எல்லா வீட்டு அடுப்பையும் அணைத்துவிடுவார்கள். இருட்டும் நேரத்தில் குன்றின் மேல் ஒரே ஒரு நெருப்பு மூட்டுவார்கள். அதிலிருந்து எடுத்துவந்துதான் ஒவ்வொரு வீட்டிலும் மறுபடி அடுப்பு எரியும்.

அதை இந்த வருஷம் செய்வோம் என்றுதான் கூட்டத்தில் சொன்னேன். இப்போது யார் வீட்டில் அணைப்பதற்கு அடுப்பு இருக்கிறது, எல்லாம் சுவிட்ச் என்று யாரோ சிரித்தார்கள். "என் வீட்டில் இருக்கிறது. நான் அணைக்கிறேன்," என்றேன். நோரீன் கை தட்டியது இதற்குத்தான்.

அந்த அடுப்பை ஊருக்கே தெரியும். சினைப்பசு அளவுக்குப் பெரிய கறுப்பு இரும்பு அடுப்பு. கல்யாணத்தன்று ஏற்றியது, அதற்குப் பிறகு அணையவில்லை. தினமும் படுக்கப் போகுமுன் தணலைச் சாம்பலில் மூடி வைப்பேன், விடிந்ததும் ஊதி எழுப்புவேன். அந்தச் சாம்பலை அள்ளுவது யார் என்று நோரீன் கேட்பாள். பதினொரு வருஷமாக மின்சார அடுப்பு வேண்டும் என்றும் கேட்கிறாள். எரிகிற அடுப்பில் எவன் கை வைப்பான், அது அணையட்டும் பார்க்கலாம் என்று நான் சொல்லிவிடுவேன். மறுக்க முடியாத பதில்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"எப்போங்க அணைக்கப் போறீங்க?"

"அன்னிக்குக் காலையில."

"சாயங்காலம் ஏத்தறதுக்குக் காலையில அணைக்கறதா? அது அணைச்ச கணக்குலயே வராது. ரெண்டு நாள் முழுசா ஆறிக் கிடக்கட்டும். செய்யறத முறையா செய்ங்க."

"ரெண்டு நாள் குளிருக்கு என்ன பண்றது?"

"உங்க முன்னோர்கள் என்ன பண்ணாங்களோ அதைப் பண்ணுங்க."

என் கண் கலங்கிவிட்டது. முப்பத்து நாலு வருஷம் கழித்து இவளுக்கு என்னைப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி கடைசித் தணலை வாளித் தண்ணீரில் போட்டேன். இரும்பு ஆறும்போது டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய மிருகம் ஒன்று படுக்கும் சத்தம் மாதிரி இருந்தது. அப்புறம் வீட்டில் நான் இதுவரை கேட்டிராத ஒரு அமைதி. இரண்டு நாள் கோட்டு போட்டுக்கொண்டு காய்ந்த ரொட்டி தின்றோம். நோரீன் முணுமுணுக்கவே இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே அடுப்பின் குழாய் வரைக்கும் துடைத்து வைத்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் தனக்கு முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மலாக்கியைத் துணைக்கு அனுப்பினாள். லாயத்தில் தொங்கிய பழைய லாந்தரை எடுத்துக்கொண்டு நானும் அவனும் குன்று ஏறினோம்.

அங்கே நடந்ததைச் சரியாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கூட்டத்தில் முடிவானபடி ஊர் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். குன்றின் மேலிருந்து பார்த்தால் கீழே ஊரே இல்லை. எங்கள் பாட்டன்மார் பார்த்த இருட்டு இதுதான் என்று தோன்றியது. இருநூறு பேர் நின்றோம், ஒரு இருமல் சத்தம் இல்லை. பழைய வழக்கப்படி வைக்கோல் முகமூடி போட்ட நாலு பேர் வந்து சுள்ளிக் குவியலில் தீ வைத்தார்கள். முதலில் புகை மட்டும்தான் வந்தது. பிறகு ஒரே மூச்சில் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. அத்தனை பேரும் ஒரு அடி பின்வாங்கினோம்.

அந்த வருஷம் போனவர்களின் பெயரை ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, தானாக வந்தது. என் முறை வந்தபோது "கீரன்" என்றேன். என் தம்பி. மார்ச் மாதம் போனான். அடக்கத்தன்று வராத அழுகை அங்கே வந்தது. மலாக்கி என் தோளில் கை வைத்தான்.

லாந்தரில் நெருப்பை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கோட்டைத் திறந்து காற்றுக்கு மறைத்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு மைல் தூரம் கொண்டுவந்தேன். வழியெல்லாம் மலாக்கி நின்று நின்று வந்தான். ஷூ லேஸை மட்டும் நாலு தரம் கட்டினான்.

வீட்டுக் கதவைத் திறந்தேன். அடுப்பு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. பக்கத்தில் வெள்ளை வெளேர் என்று ஒரு மின்சார அடுப்பு. அதன் மேல் உருளைக்கிழங்கும் கீரையும் மசித்த திருநாள் சாப்பாட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நோரீனின் தம்பி ஈமனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் கரி படிந்த கையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடுப்பு எங்க?" என்றேன்.

"போயிடுச்சுங்க. ரெண்டு நாள் ஆறினாத்தான் கை வைப்பேன்னு ஈமன் சொல்லிட்டான். உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு பதினொரு வருஷமா தெரியாம இருந்தேன். நீங்களே ஊர் முன்னாடி எழுந்து நின்னு அணைக்கறேன்னீங்க. எனக்குச் சந்தோஷத்துல கை தட்டாம இருக்க முடியல."

புது அடுப்பு மூன்று வாரமாக மலாக்கியின் கொட்டகையில் இருந்ததாம். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நான் லாந்தரை உயர்த்திக் காட்டினேன். "இது ரெண்டாயிரம் வருஷத்து நெருப்பு. இதை இப்ப எங்க வைக்கறது?"

நோரீன் கூரையைக் காட்டினாள். அங்கே வட்டமாக ஏதோ ஒன்று சிவப்பாகக் கண் சிமிட்டியது. "ஈமன் மாட்டினது. புகை பட்டா கத்துமாம். வாசல்ல வச்சுட்டு வந்து சாப்பிடுங்க."

வெளியே வந்து மதில்மேல் வைத்துவிட்டு நின்றேன். எலும்புக்கூடு வேஷம் போட்ட பிள்ளைகள் ஏழெட்டு பேர் மிட்டாய் கேட்டு வந்தார்கள். அதில் ஒரு சின்னப் பெண் லாந்தரையே பார்த்தாள்.

"தாத்தா, இதுக்கு என்ன பேட்டரி?"

"பேட்டரி இல்லம்மா. நெருப்பு. குன்றுலேர்ந்து வந்தது."

அவள் பிளாஸ்டிக் மண்டையோட்டை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுக் கையை நீட்டிக் காய்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நீட்டினார்கள். மிட்டாயை மறந்துவிட்டார்கள். குன்றில் உணர்ந்ததை அந்தச் சின்ன வெளிச்சத்தில் மறுபடி உணர்ந்தேன்.

அவர்கள் போன பிறகு நோரீன் ஒரு தட்டோடு வந்தாள். அதை லாந்தர் பக்கத்தில் வைத்து, "கீரனுக்கு," என்றாள். வெண்ணெய் நடுவில் குளமாக நின்றது. அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். அடுப்பைப் பற்றி எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "கொல்லைல ஓடாம நிக்குதே டிராக்டர், அதைப் பத்தி உங்க முன்னோர்கள் ஏதாவது சொல்லியிருக்காங்களா?"