கொடியண்ணை குப்புற விழுந்த காலை

கொடிக்காக லீவு எடுத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில், எங்கள் கொடியண்ணைதான். நீர்வேலிப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அவர் பியோன், நான் களஞ்சியப் பொறுப்பாளர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நைந்த தேசியக் கொடியைக் குப்பையில் போடக்கூடாது, மரியாதையாக எரிக்கவேண்டும் என்று ஒருநாள் எரித்தார். எரித்த கையோடு அரைநாள் லீவுக்கு எழுதிக்கொண்டு தலைமை எழுதுநர் முன்னால் வந்து நின்றார்.

"கொடி எரிச்சது எண்டு போட்டிருக்கிறீர். உது என்ன காரணம் காணும்?"

"எரிச்சுப்போட்டுத் தோய்ஞ்சு முழுகாமல் கந்தோருக்கை நிக்கேலுமோ ஐயா?"

லீவு கிடைத்தது.

புதுக்கொடி கழுவத் தனி வாளி வைத்திருந்தார். வெயிலில் நிறம் மங்குமென்று பதிவறைக்குள் காயப்போடுவார். காயும்வரை ஃபைல் எடுக்க எவரும் உள்ளே போகமுடியாது. கொடி மடிக்கும் மேசையில் ஒருமுறை என் சோற்றுப் பார்சலை வைத்துவிட்டேன். மூன்று நாள் மனிதர் என்னோடு கதைக்கவில்லை! சுதந்திர தினம் வந்தால் றோட்டில் கொடி கட்டிய ஓட்டோக்களை மறிப்பார். "தம்பி, சிங்கம் தலைகீழாய் நிக்குது. திருப்பிக் கட்டும்."

தன் கையில் கொடி ஒருநாளும் தரையில் பட்டதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. புதிதாக வந்த மேலதிகாரி மிஸ் அதிலேயே கை வைத்தார்.

"உங்களுக்குக் கண் பார்வை குறைவு. இந்தமுறை ஏத்துங்கோ. ஒரு பிழை வந்தாலும் இனி காவலுக்கு நிக்கிற வோச்சர்தான் ஏத்துவார்."

அன்றிலிருந்து கொடியண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கயிறு இற்றுப்போச்சு, புதுக்கயிறு வேண்டும் என்று எனக்கு மூன்றுதரம் எழுதித் தந்தார். மூன்றையும் ஃபைலுக்குள் வைத்து மறந்தவன் நான்.

சுதந்திர தினக் காலை. தேசிய கீதம் தொடங்கியது, கொடி பாதிக் கம்பம் ஏறியது, கயிறு அறுந்தது. கொடி கீழே வரமுன் கொடியண்ணை வெள்ளைச் சேட்டோடு சேற்றில் குப்புற விழுந்தார். கொடி அவர் முதுகில் பத்திரமாக இறங்கியது.

கீதம் முடியும்வரை எவரும் அசையமுடியாது. அவரும் அசையவில்லை. கைகள் இரண்டும் பக்கத்தில், குதிகள் சேர்த்து, முகம் சேற்றில், படுத்தபடியே அட்டென்ஷன்! வோச்சரின் வயிறு குலுங்கியது. மிஸ்ஸின் தோள்கள் ஆடின. நான் உதட்டைக் கடித்ததில் அன்று மத்தியானம் குழம்பு உறைத்தது.

கீதம் முடிய ஓடினோம்.

"தொடாதேங்கோ! கை கழுவிப்போட்டு வாங்கோ!" என்றார் சேற்றுக்குள்ளிருந்து.

மிஸ்ஸும் நானும் கை கழுவி வந்தோம். "நுனியைப் பிடியுங்கோ மிஸ்... இழுக்காதேங்கோ... தம்பி, நீர் மெல்ல வாரும்" என்று அவர் கீழே கிடந்து சொல்லச்சொல்ல, அவர் முதுகிலேயே கொடியை மடித்தெடுத்தோம்.

எழும்பியவரின் முழங்காலில் இரத்தம். மிஸ்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

"கயிறு ஏன் மாத்தேல்லை?"

கொடியண்ணை என்னை ஒருதரம் பார்த்தார்.

"என்ரை பிழை, மிஸ்."

அப்படிச் சொன்னால் இனிக் கொடி வோச்சர் கைக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"இல்லை மிஸ், என்ரை பிழை. அண்ணை மூண்டுதரம் கேட்டவர். நான்தான் வாங்கேல்லை."

மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடித்த கொடியை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஏத்துங்கோ. இனிமேலும்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தேன். என் உத்தியோகத்தில் எவ்வளவோ சாமான்கள் வாங்கியிருக்கிறேன். ஆசையோடு தெரிந்தெடுத்தது அந்தக் கயிறு ஒன்றைத்தான்.