நிழலுக்கு மதிப்பெண் இல்லை

எடை அளவைகள் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நாற்காலி காலியானது. அடுத்து அதில் உட்கார வேண்டியவர் யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இருப்பவர்களில் மூத்தவர் நிழல்தான்.

நிழல் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவருடைய நிறத்தைப் பார்த்து அலுவலகம் வைத்தது. அன்பாக வைத்த பெயர் என்று வைத்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கடைத்தெருவில் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. கூட வரும் சிவந்த உதவியாளருக்குக் கடைக்காரர்கள் நாற்காலி போடுவார்கள். நிழலைப் பார்த்து, “பெட்டியை அப்படி ஓரமா வைப்பா” என்பார்கள். அவரும் வைப்பார். உள்ளே எடைக்கற்கள், கை விட்டுப்போகும் கனம். அபராதம் எழுதப் பேனாவை எடுக்கும்போதுதான் அதிகாரி யாரென்று அவர்களுக்குப் புரியும். அப்போதும் உதவியாளரைப் பார்த்துத்தான் கெஞ்சுவார்கள்.

இந்த நிலையில் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. போன ஆண்டு அலுவலகங்களில் மூச்சுப்பயிற்சி நாகரிகமாக இருந்தது. இந்த ஆண்டு சமத்துவம். “நிறத்தாலும் இனத்தாலும் தமக்குக் கிட்டிய முற்சலுகைகளை உணர்ந்து, ஒப்புக்கொண்டு, மனமுருகுவோருக்கே இனிப் பதவி உயர்வில் முன்னுரிமை வழங்கப்படும்” என்றது சுற்றறிக்கை. நிழல் அதை இரண்டு முறை படித்தார். கடைசியில் நமக்கும் ஒரு காலம் வந்தது என்று மனைவிக்கு போன் போட்டுச் சொன்னார்.

பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, “மனசைத் திறந்து பேசுங்க. எவ்வளவு வலிக்குதோ அவ்வளவு மதிப்பெண்” என்றார்.

முதலில் கணக்கர் எழுந்தார்.

“இவருக்கு நிழல்னு பேர் வெச்சது நான்தான்” என்றவர் கைக்குட்டையை எடுத்தார். “அந்தப் பாவத்தை எப்படித் தொலைக்கப் போறேன்?”

இருபது மதிப்பெண். அழுகைக்குத் தனியாக ஐந்து.

உதவியாளர் நாற்காலி விஷயத்தைச் சொன்னார். தனக்குப் போட்ட நாற்காலிகளில் தான் சாய்ந்தே உட்கார்ந்ததையும் மறைக்கவில்லை. முப்பது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். “ஒரு தடவை நிழல் என் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டான். விட்டாச்சுன்னு சொன்னேன். விடலை. அப்புறமும் ரொம்ப நாள் பூட்டித்தான் கிடந்தது.”

“உங்க சொந்தக்காரருக்கு விட்டதா சொன்னீங்களே சார்?” என்றார் நிழல்.

“பொய்ப்பா.”

“நான் அதை நம்பி, அவரை வேற விசாரிச்சேனே.”

“குறுக்கே பேசாதீங்க” என்றார் பயிற்சி அம்மையார். “சாருக்கு நாற்பது. உண்மை சொல்ற துணிச்சலுக்கு இன்னொரு பத்து.” எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் நிழலும் தட்டினார்.

அவர் முறை வந்தது.

“சொல்லுங்க. உங்க நிறத்தால உங்களுக்கு என்ன சலுகை கிடைச்சுது?”

நிழல் யோசித்தார். “ஒண்ணும் கிடைக்கலைங்களே.”

“நல்லா யோசிங்க.”

“நிஜமாவே இல்லம்மா. இவங்க சொன்னதெல்லாம் எனக்கு நடந்ததுதான்.”

“நடந்ததுக்கு மதிப்பெண் கிடையாது. நடத்தினதுக்குத்தான்” என்று அம்மையார் பொறுமையாக விளக்கினார். நிழலுக்குப் பூஜ்யம் விழுந்தது. பெயருக்கு எதிரில், ‘மனம் திறக்க மறுக்கிறார்’ என்று குறிப்பும் விழுந்தது.

அடுத்த அமர்வுக்குள் நிழலின் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம்.

“அண்ணே, நான் உங்களுக்கு ஏதாவது அநியாயம் பண்ணியிருக்கேனா? கொஞ்சம் ஞாபகப்படுத்துங்களேன்” என்றார் உதவியாளர்.

“குரூப் போட்டோவில என்னைப் பின்னால நிக்கச் சொன்னியே.”

“அது சின்னதா இருக்கே. பெரிசா ஒண்ணும் இல்லையா?”

கணக்கருக்கு ஒன்று, தட்டச்சு அம்மாவுக்கு ஒன்று என்று நிழல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷமாக விழுங்கியதெல்லாம் நல்ல விலைக்குப் போயிற்று. விலை மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள். “அப்ப நாற்காலி யாருக்கு?”

“மேலாளர், நம்ம ஆபீஸ்லயே இருக்கிற தன் மச்சானுக்கு வாங்கப் பார்க்கிறாரு. அந்த ஆளு ஊர்ல பாதிப்பேரை அவமானப்படுத்தியிருக்கான். நூறைத் தாண்டிடுவான்.”

“நீங்க யாரையும் ஒண்ணும் பண்ணினதே இல்லையா?”

“என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?”

“தினம் அந்த ஆபீஸ்ல எத்தனை பேர் இருக்காங்க. ஒருத்தர் கூடவா உங்களுக்கு அகப்படலை?”

நிழல் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

அலுவலகம் மூன்றாவது மாடியில். கூட்டிப் பெருக்க ஒரு பெண் வருவாள். வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவள். பேச்சில் அந்த வாடை இருக்கும். நிறத்தில் நிழலையும் ஒரு படி மிஞ்சியவள்.

கடைசி அமர்வில் நிழல் எழுந்து நின்றார். “அந்தப் பொண்ணு வாளியோட வர்றதைப் பார்த்தா, நான் லிப்ட் கதவை மூடிடுவேன்” என்றார். “பொத்தானை விடாம அமுக்குவேன். அவ படியில ஏறி வருவா.” குரல் தானாகவே தழுதழுத்தது. அதை அவர் திட்டமிட்டிருக்கவில்லை.

விதிப்படி, பாதிக்கப்பட்டவர் உறுதி செய்ய வேண்டும். பெருக்குகிற பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் வாசலிலேயே நின்றாள்.

“இவர் உன்னைப் பார்த்தா லிப்ட் கதவை மூடுறது நிஜமா?”

அவள் வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். “எல்லாரும்தான் மூடுறாங்க. இந்த சார் கொஞ்சம் சுருக்கா மூடுவாரு.”

“அப்ப எங்களுக்கும் மார்க் வரணும்” என்று கணக்கர் எழுந்தார். “நானும் மூடியிருக்கேன்” என்றார் மேலாளரின் மச்சான். தட்டச்சு அம்மா, தான் ஒருமுறை அவள் கால் உள்ளே இருக்கும்போதே மூடியதாகச் சொன்னார். அம்மையார் கையமர்த்தினார்.

“முதல்ல சொன்னவருக்குத்தான். வேகத்துக்கும் சேர்த்து நூற்றைம்பது.”

நாற்காலி நிழலுக்குக் கிடைத்தது. அன்று முதல் எல்லோரும் அவரை ‘நிழல் சார்’ என்று அழைத்தார்கள். சமத்துவம் அந்த அளவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை புதுச் சட்டையில் வந்து அவர் லிப்டுக்குள் நின்றபோது, அந்தப் பெண் வாளியோடு எதிரே வந்தாள். உள்ளே ஏறவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

“சார், என்னால உங்களுக்குப் பதவி கிடைச்சுதாமே. எனக்கும் ஏதாவது மார்க் உண்டா?”

நிழல் சார் இப்போது பொறுப்புள்ள அதிகாரி. விதி அவருக்கு நன்றாகத் தெரியும். தனக்குச் சொல்லப்பட்ட அதே பொறுமையோடு சொன்னார்.

“நடந்ததுக்குக் கிடையாதும்மா. உனக்குக் கீழே யாராவது இருந்தா சொல்லு, பார்க்கலாம்.”

பொத்தானை அமுக்கினார். கதவு மூடிக்கொண்டது.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். யோசிக்க மூன்று மாடி இருந்தது.