வாத்தியார் தலையிலிருந்து நான் கழற்றிய ஹெல்மெட்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று முறையாகத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அப்படித் தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. ‘அனைவரும்’ என்ற சொல் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. ஆகவே இப்படி வைத்துக்கொள்: உன் அக்கா நலம். நான் சாப்பிடுகிறேன், கடை திறக்கிறேன், கடை மூடுகிறேன். போன வாரம் போனில் “அத்தான், பட்டம் எப்படி இருக்கு?” என்று நீ கேட்டதும் “சரியா கேக்கல, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டேன் அல்லவா? நன்றாகத்தான் கேட்டது. வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. அக்காவுக்கு உடனே போன் போடாதே, அவளிடம் எல்லாவற்றையும் நானே சொல்லியாயிற்று.

நீ குளிர்பதனக் கிடங்கு வேலைக்கு மாற்றலாகிப் போனபோது, ஆளை இழுத்துக் கடலில் சறுக்க வைக்கும் அந்தப் பெரிய பட்டம், நின்று சறுக்கும் பலகை, பட்டத்தை ஆளோடு இணைக்கும் இடுப்புப் பட்டை, ஹெல்மெட் எல்லாவற்றையும் என் பொறுப்பில் விட்டுவிட்டு, “அத்தான், காத்து சொல்லிட்டு வராது. ஹெல்மெட் இல்லாம மணல்ல கூட நிக்காதீங்க” என்று சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை எப்பேர்ப்பட்டது என்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன் நான். என் தலைதான் என் கடைக்குப் பெயர்ப்பலகை. முதல் வாரம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சறுக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன், உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் என்னைப் பார்த்து, “என்னங்க, இப்பத்தான் தூங்கி எழுந்தீங்களா?” என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து உன் ஹெல்மெட் கடையில் ஆணியில் கவிழாமல் மல்லாக்கத் தொங்கியது, அதற்குள் கழுவிய சீப்புகளைப் போட்டு வைத்தேன், காற்றோட்டத்துக்காக வைத்த ஓட்டைகள் வழியே தண்ணீர் அழகாக வடிந்தது, எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் புகழ்ந்தேன். யோசித்துப் பார், முடிக்கு அடியில் இருப்பதை என்னைவிட அதிகம் பார்த்தவன் யார்? ஊஞ்சலில் விழுந்த தழும்பு, குளியலறையில் வழுக்கிய தழும்பு, மாடிப்படித் தழும்பு எல்லாவற்றையும் விரலால் தடவி, கதை கேட்டு, “ஐயோ பாவம்” என்று சொன்னவன். ஆனால் உடைகிற தலையெல்லாம் நாற்காலியில் உட்கார்கிறவர்களின் தலை, நிற்கிறவன் தலை உடையாது என்று எப்படியோ நினைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்கே ஒன்று நடந்தது. பலகை அலையோடு ஓடிப்போகாமல் இருக்க, அதற்கும் என் இடுப்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் கயிறு கட்டியிருந்தேன். ஆமாம், கட்டவே கூடாது என்று நீ சொன்ன கயிறுதான். ஒருநாள் நான் விழ, பட்டம் என்னை முன்னால் இழுக்க, பலகை தண்ணீரில் மாட்டிக்கொண்டு பின்னால் நிற்க, கயிறு நீண்டு நீண்டு, கவண்கல் மாதிரி பலகை பறந்து வந்து என் வலது காதுக்குப் பின்னால் விழுந்தது. கொஞ்ச நேரம் எனக்கு இரண்டு சூரியன். எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. கண்ணாடி முன் நின்று, இருபத்தாறு வருட அனுபவத்தையும் பயன்படுத்தி, முடியை இழுத்து வாரி வீக்கத்தை மறைத்தேன். உன் அக்கா, “ஏன் ஒரே பக்கமா படுக்கறீங்க?” என்றாள். “தலையணை சரியில்ல” என்றேன். பாவம், பத்து நாளில் மூன்று தலையணை மாற்றினாள்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. என் வாடிக்கையாளர் கணக்கு வாத்தியாரை உனக்கு நினைவிருக்கும். பத்து வருடமாக மாதம் ஒருமுறை வருகிறவர், அளக்காமல் ஓர் அடி எடுத்து வைக்காத மனிதர். கழுத்தில் துணி கட்டியவர் எழுந்து ஓட முடியாது அல்லவா, அதனால் மாதாமாதம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பற்றியே பேசினேன். கடைசியில் அவரே ஆசைப்பட்டு, கரையில் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பயிற்சியாளர் பெண்ணிடம் சேர்ந்து, நான்கு வாரம் நோட்டில் குறிப்பெடுத்துக் கற்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் கடைக்கு வந்தார். “வீட்டுல ஒரு போட்டோ கேட்டாங்க. கொஞ்சம் பாத்து விடுங்க” என்றார். அரை மணி நேரம் இழைத்தேன். என் கையால் செய்ததில் அது மாதிரி இன்னொன்று இல்லை. இருவரும் கரைக்குப் போனோம். அவர் பட்டையைக் கட்டினார், காற்றின் திசை பார்த்தார், பயிற்சி வகுப்பில் கொடுத்த ஹெல்மெட்டைத் தூக்கித் தலையில் போட்டு வாரை மாட்டினார். என் அரை மணி நேரம் அப்படியே உள்ளே போயிற்று.

“என்ன சார் இது, சட்டியைக் கவுத்த மாதிரி? போட்டோவுக்காவது கழட்டுங்க.”

“அந்தப் பொண்ணு திட்டுவாங்களே.”

“அவங்க அந்தக் கடைசியில நிக்கறாங்க. ரெண்டு நிமிஷம் சார். மண்டை என்ன முட்டையா, பட்டுனு உடைய?”

சொல்லிவிட்டு, வாரை நானே அவிழ்த்தேன், ஹெல்மெட்டை நானே எடுத்தேன், சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து முன்முடியைத் தூக்கியும் விட்டேன். அந்த நேரத்தில் என் காதுக்குப் பின்னால் வலித்துக்கொண்டுதான் இருந்தது, மைத்துனரே. போட்டோ எடுத்தேன். பட்டம் மேலே போகிற மாதிரி இன்னொன்று எடுக்கலாம் என்று நானே பட்டத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, காற்றில் விட்டேன். விட்ட நொடியில் ஒரு காற்று வந்தது. அவர் கால் மணலை விட்டுக் கிளம்பியது. “சிவப்புப் பிடியைத் தள்ளுங்க, சிவப்புப் பிடி!” என்று கத்தினேன், தள்ளினால் பட்டம் செத்து விழுந்துவிடும், அவரும் தள்ளினார், ஆனால் அதற்கு முன்பே பதினைந்து அடி தள்ளிக் கவிழ்த்து வைத்திருந்த படகில் போய் மோதிவிட்டார். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்த பிறகுதான் பார்த்தேன், ஹெல்மெட் என் அக்குளில் பத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போடுவதற்கு முன் காயத்தைச் சுற்றி முடி எடுக்க வேண்டும் என்றார்கள். நர்ஸம்மா கையிலிருந்த கத்தியைப் பார்த்தேன், அது பென்சில்கூடச் சீவாது. “நான் எடுக்கறேன்மா, இதுதான் என் தொழில்” என்றேன். காலையில் இழைத்த முடியைப் பத்து மணிக்கு நானே வழித்தேன். பாதியில் அவர் கண்ணைத் திறக்காமலே, “பக்கத்துல மட்டும் கொஞ்சம் குறைச்சா போதும்” என்றார். கடை என்று நினைத்துவிட்டார். எனக்குக் கண் மறைத்தது, நர்ஸம்மா என் முகத்தைத் துடைத்து விட்டார்கள். பதினான்கு தையல். இரண்டு நாள் என்னைப் பார்த்து “நீங்க யாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர், “ஏழெட்டு எவ்வளவு?” என்று கேட்க, வாத்தியார் அவரையே உற்றுப் பார்த்து, “நீ எழுந்து நின்னு சொல்லு பாக்கலாம்” என்றார். அடிபட்டுப் பேசுகிறாரா, வழக்கப்படி பேசுகிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது, கடற்கரையில் நடந்ததைத் தவிர. “கடையில முடி வெட்டினது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஹெல்மெட் போட மறந்திருக்கேன் போல” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க கூட இருந்ததாலதான் எங்களுக்கு இவர் கிடைச்சார்” என்று அழுதார்கள், அதற்கும் திறக்கவில்லை. பயிற்சியாளர் பெண், தான் கவனிக்காததுதான் காரணம் என்று வகுப்பையே நிறுத்தினாள், அதற்கும் திறக்கவில்லை. ஒருவருக்கும் தெரியாதே, தெரியாமலே போகட்டும் என்று மூன்று வாரம் இருந்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வளர்ந்ததையும் வளராததையும் சமமாக்க வாத்தியார் கடைக்கு வந்தார். நான்கு பேர் காத்திருந்தார்கள். இடது பக்கம் முடித்துவிட்டு வலது பக்கம் வந்தேன். அவர் கண்ணாடி வழியே அந்த நான்கு பேரிடமும் பேச ஆரம்பித்தார். “என்னைப் பாத்துக்குங்க. முப்பது வருஷமா பசங்ககிட்ட கவனம், கவனம்னு கத்தினவன். ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டே மறந்திருக்கேன். மறதி வந்தவன் பெரிய வகுப்புக்குக் கணக்கு எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துடப் போறேன்.”

“சார், நீங்க மறக்கல” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். “நீங்க போட்டுத்தான் இருந்தீங்க. நான்தான் கழட்டினேன்.”

கையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கத் தோன்றவில்லை. வாத்தியார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்லிக் கழட்டினீங்க?”

“மண்டை என்ன முட்டையான்னு சொன்னேன் சார்.”

அவர் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தார், முடியை உதறினார், நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார், எழுந்து போய்விட்டார். ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் அந்த மனிதர் தெருவில் போனதைப் பார்த்து ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. காத்திருந்தவர்களில் இரண்டு பேர் நாளை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றே பயிற்சியாளர் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். “நீங்க இனி கரைப்பக்கம் வராதீங்க” என்று மட்டும் சொன்னாள். உன் அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில், “அப்ப அந்த மூணு தலையணை?” என்றாள். பிறகு பக்கத்தில் வந்து காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாத்தியார் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வீட்டம்மா வாசலிலேயே, “தூங்கறார்” என்றார்கள். உள்ளே அவர் யாருக்கோ வகுத்தல் சொல்லிக்கொடுப்பது நன்றாகக் கேட்டது. இன்றோடு எட்டு நாள். தினமும் தொப்பி போட்டுக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போகிறார். வேறு கடைக்கும் போகவில்லை, என் கடைக்கும் வரவில்லை. அந்தத் தொப்பிக்குள் இருக்கிற பாதி முடி எனக்குத் தூக்கத்திலும் தெரிகிறது.

ஆகவே, அடுத்த விடுமுறையில் வந்து பட்டம், பலகை எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடு. இனி அந்தக் கரையில் நான் கால் வைக்கப் போவதில்லை. உன் ஹெல்மெட்டைக் கழுவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நீ எந்தக் காற்றில் இறங்கினாலும் அதைப் போடு, அழகாக இருக்கிறாய் என்று எவன் சொன்னாலும் கழற்றாதே. உன் தலைக்கு ஒரு குறையும் வராமல் நீடூழி வாழ என் ஆசிகள். அக்காவின் அன்பும் இத்துடன்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
உன் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இன்று காலை கடையின் ஷட்டரைத் தூக்கினால் வாத்தியார் நிற்கிறார். உள்ளே வந்தார், தொப்பியைக் கழற்றினார், உட்கார்ந்தார். “மிச்சத்தை வெட்டுங்க” என்றார். வெட்டினேன், மெஷின் தழும்பருகே வந்தபோது அவர் அசையாமல் இருந்து உதவினார். முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “எழுதிக் கொடுக்கல. பெரிய வகுப்பு நான்தான் எடுக்கறேன். மறதி இல்லன்னு தெரிஞ்சுதே, அதுக்காகக் கோபத்தை ஒன்பது நாளோட நிறுத்திக்கிட்டேன்” என்றார். டாக்டர் சரி என்று சொன்னதும் மறுபடி கடலில் இறங்கப் போகிறாராம். நான் வரமாட்டேன், கரைப்பக்கம் வராதே என்று பயிற்சியாளர் பெண்ணும் என்னிடம் சொல்லியிருக்கிறாள் என்றேன். “அவங்ககிட்ட நான் பேசிட்டேன். நீங்க வரணும். கழட்டின கைதான் மாட்டணும்” என்றார். ஆகவே மேலே எழுதியதில், பட்டத்தை வந்து எடுத்துப் போ, இனி கரையில் கால் வைக்க மாட்டேன் என்ற இடத்தை மட்டும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.