கீபோட்டும் என் வயிற்றெரிச்சலும்

அக்கரப்பத்தனை,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய சிவசாமி அத்தானுக்கு, மைத்துனன் கந்தப்பன் வணங்கி எழுதுவது. நாகலெட்சுமி அக்காவின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. வயிறு மட்டும்தான் எரிகிறது. போனில் சொன்னால் அக்கா பக்கத்தில் நின்று கேட்டுச் சிரிப்பாள், ஆகவே கடிதம்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் இருக்கும் கறுப்புத் திரை கம்பியூட்டரை இருபது வருடமாக என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. அதில் ஓடுவது ஆதிகாலத்து லினக்ஸ். படமும் கிடையாது, மௌஸும் கிடையாது, எழுத்து மட்டும்தான். தேயிலை ஏற்றும் லொறிக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பது அதுதான். போன வியாழன் அதன் கீபோட் தேயிலைத் தூசி அடைத்துச் செத்துப்போனது. புதிதாக ஒரு யூஎஸ்பி கீபோட் கொண்டுவந்து மாட்டினேன். முதல் திரையில் தட்டியதெல்லாம் வேலை செய்தது. ஆனால் லினக்ஸ் எழும்பிப் பெயரைக் கேட்டதும் கீபோட் விளக்கு அணைந்து, கல்லைத் தட்டுவதுபோல ஆகிவிட்டது. பதினோரு தடவை அணைத்துப் போட்டேன், திருநீறுகூடப் பூசினேன், அசையவில்லை. வெளியே கொழும்புக்குப் போகும் லொறி சீட்டு கிடைக்காமல் நிற்கிறது, டிரைவர் ஹோர்ன் அடிக்கிறான், மனேஜர் துரை வாசலில் வந்து நிற்கிறார்.

அப்போதுதான் சுலக்ஷனா, வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான பிள்ளை, எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, மொதல்ல மெஷினே கீபோட்ட பாத்துக்குது. அப்புறம் லினக்ஸ் பொறுப்பெடுக்குது. இது அவ்வளவு பழசு, யூஎஸ்பின்னா என்னான்னே இதுக்குத் தெரியாதுங்க. வட்ட பிளக் வச்ச பழைய கீபோட் இருக்குங்களா?"

இருந்தது, அத்தான். என் அலுமாரிக்குள்ளேயே இருந்தது. "இல்ல" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் ஸ்டோருக்குப் போய் ஒட்டடையோடு ஒன்றைத் தேடி எடுத்து வந்து, மெஷினை அணைத்து, மாட்டி, போட்டாள். ஐந்து நிமிடத்தில் சீட்டு வந்தது, லொறி போனது. துரை அவளைப் பார்த்து, "நீங்க இல்லாட்டி இன்னைக்கு என்ன ஆயிருக்கும், மிஸ்?" என்கிறார். மிஸ்ஸாம்! இருபது வருடமாக நான் வெறும் "ஏய் கந்தப்பா". அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் இங்கே பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், உங்கள் பேச்சைத் துரை தட்டமாட்டார். இந்தப் பிள்ளையின் திறமைக்கு நுவரெலியா ஆபீஸ்தான் பொருத்தம் என்று அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் புகழுங்கள், தூரமாக அனுப்பினால் போதும்.

முருகன் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் நல்ல சுகம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கந்தப்பன்

பி.கு.: அத்தான், துரைக்கு எதுவும் எழுத வேண்டாம். எனக்கும் கைவேலை தெரியும் என்று காட்ட, அவளைப்போல அணைக்காமல், மெஷின் ஓடும்போதே கீபோட்டைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். இப்போது இதுவும் செத்துவிட்டது. அலுமாரியில் இருந்ததையும் அப்படியே கொன்றுவிட்டேன். லொறி மறுபடி நிற்கிறது. சுலக்ஷனா இன்று லீவு, உங்கள் தலவாக்கலைக்குத்தான் வந்திருக்கிறாளாம், போனை எடுக்கவில்லை. இதை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உடனே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுங்கள். அவளைக் கண்டதும் கையோடு பஸ் ஏற்றி அனுப்புங்கள். மறக்காமல் மிஸ் என்று கூப்பிடுங்கள்.