பேச்சில் பணிவு: ஐந்துக்கு ஐந்து

"அப்பா, நீங்க பொறக்கும்போதே கோபமாத்தான் பொறந்தீங்களா?"

சின்னவன் நான்கு வயதில் ஒரு நாள் இப்படிக் கேட்டான். கிண்டலில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசை. "யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறது?" என்று அவனுடைய அப்பா திருப்பிக் கேட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை விழித்துக்கொண்டது. பதில் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சின்னவன் விளையாடப் போய்விட்டான்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளர். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள் பக்கத்தில் இருபது வருடமாக உட்கார்ந்து உயிர் பிழைத்து வந்தவர். சாப்பாட்டு மேஜையில் யாராவது தண்ணீர்க் குவளையை ஓரமாக வைத்தால்கூட அவருடைய வலது கால் தரையைப் போட்டு மிதிக்கும். கெட்ட மனிதர் அல்ல. இறைவன் அவருக்கு நல்ல மனதைக் கொடுத்து, அதைச் சத்தமான ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான்; அவ்வளவுதான்.

இப்போது அந்த மனிதர் தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வெளிநாட்டு விருந்தாளிப் பெண்; நாற்பது நிமிடமாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஏழரைக்கு முதல் வகுப்பு! உள்ளே என்ன, குளிக்கிறாளா, குடியே வந்துட்டாளா?"

"மெதுவா, மெதுவா," என்று மனைவி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "தாள் இருக்கு. மறந்துட்டீங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். வெளியே வர வேண்டிய சொற்கள் முகத்துக்கு ஏறி, முகம் சிவந்தது.

தாள் என்றால் மதிப்பெண் தாள். பெரியவளின் பள்ளியில் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு மாணவியை மூன்று வாரம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நம் வீட்டுப் பிள்ளை அங்கே போகலாம். பெரியவள் போன இரண்டு வருடமும் விண்ணப்பித்து, இரண்டு முறையும் இடம் கிடைக்காமல் போர்வைக்குள் முகம் மூடி அழுதவள். இந்த முறை அந்த ஊர் வணக்கத்தைக் கண்ணாடி முன்னால் நின்று தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிப் பெண் வந்து இறங்கிய அன்றே மனைவி அந்தத் தாளைக் காட்டினாள். அவள் தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். எப்படிப்பட்ட சண்டைக்காரனும் ஒரு படிவத்தைக் கண்டால் அடங்கிப் பேனா கேட்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பொண்ணு நம்மைப் பத்தி இதுல மதிப்பெண் போடுவா. குறைஞ்சா, நம்ம பொண்ணு போக முடியாது."

நேரம் தவறாமை. வீட்டு வேலையில் உதவி. பேச்சில் பணிவு. மனத்தாங்கல் வந்தபோது நடந்துகொண்ட விதம். தவறை ஒப்புக்கொள்ளுதல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண்.

"பேச்சில் பணிவா?" என்றார்.

"ஆமா. மூணாவது வரிசை."

வேறு எதையாவது சொல்லியிருந்தால் கத்தியிருப்பார். ஆனால் மதிப்பெண் தாளை அவர் மதிப்பவர். தினமும் பத்துப் பேருக்கு அதைப் போடுகிறவர். அரை மதிப்பெண்கூடச் சும்மா போட்டதில்லை. சொந்த மைத்துனனையே இரண்டு முறை தேறவிடாமல் வீட்டுக்கு அனுப்பியவர். தாள் என்றால் தாள்தான்.

அதனால், குளியலறை வாசலில் நின்ற அன்று குளிக்காமலே கிளம்பினார். காரில் ஏறி, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, அடக்கி வைத்த அத்தனையையும் ஸ்டீயரிங்கைப் பார்த்துக் கத்தித் தீர்த்தார். மனம் லேசானது. நல்ல வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா அவருடைய மனைவியைத் தனியே கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதே. அண்ணன் தினமும் காருக்குள்ள உக்காந்து யார்கிட்டயோ சண்டை போடறார். பக்கத்துல யாருமே இல்லை. நானும் எங்க வீட்டுக்காரரும் நல்லாப் பார்த்துட்டோம்."

அன்று மாலை எதிர்வீட்டு அக்காவும், அவள் கணவரும், மனநோய் பற்றி ஏதோ பத்திரிகையில் படித்த இன்னொருவரும் பழத்தோடு வந்து சேர்ந்தார்கள். மூவரும் மிக மெதுவான குரலில் பேசினார்கள்.

"தூக்கம் நல்லா வருதாண்ணே?"

"வருது."

"காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

"இப்போ மூணு குரல் கேக்குது!" என்றார். விருந்தாளிப் பெண் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் வந்தவர்களை இன்னும் கலவரப்படுத்தியது. பழத்தை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்கள்.

கார் வழி அடைபட்டுவிட்டது. வீட்டில் போட முடியாத சத்தத்தை இனி வேலையிடத்தில் போடுவதென்று முடிவு செய்தார். அங்கே வழக்கமாகப் போடுகிற சத்தம் தனி, இது கூடுதல். முதலில் மாட்டியவர் ஒரு பல் டாக்டர். வண்டியை நேராக நடைபாதை மேல் ஏற்றினார்.

"கண்ணு எங்க இருக்கு? கடைவாய்ப் பல்லுலயா?"

டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றுவது போல நிதானமாகப் பெல்ட்டைக் கழற்றினார். "சார், என்கிட்ட வர்றவங்களும் கத்துவாங்க. ஆனா அவங்களுக்குப் பல் வலி இருக்கும். உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, இறங்கி நடந்தே போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர் பயிற்சியிலிருந்து நின்றார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா, என் பொழைப்புல ஏன்யா மண்ணு விழுது? இன்னும் ஒருத்தர் நின்னா, நீங்களும் நிக்க வேண்டியதுதான்."

வீட்டிலும் கத்த முடியாது, காரிலும் கத்த முடியாது, வேலையிலும் கத்த முடியாது. "எழுதி வைங்களேன்," என்றாள் மனைவி. "எழுத்துக்குச் சத்தம் கிடையாது."

எழுதினார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் முதல் சீட்டு ஒட்டப்பட்டது: 'குழாயை மூடியவர்களுக்கு நன்றி. மூடாதவர் யார் என்று எனக்குத் தெரியும்.' அடுத்த நாள்: 'இந்த வீட்டில் ஆறு செருப்பு ஜோடிகள் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. மனிதர்கள் ஐந்து பேர்.' ஒவ்வொரு எழுத்தும் பேனா முனையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

விருந்தாளிப் பெண் இதை மொழிப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சீட்டையும் தன் நோட்டுப் புத்தகத்தில் அழகாகப் படியெடுத்தாள். பிறகு அதன் கீழேயே பதில் எழுதி ஒட்டினாள்: 'அது நான். மன்னிக்கவும். நாளை மூடுவேன்.' அதைப் பார்த்துச் சின்னவன் பதில் எழுதினான்: 'ஆறாவது செருப்பு அப்பாவோடதுதான்.' பெரியவள் அதற்குக் கீழே எழுத்துப்பிழை திருத்தினாள். ஒரு வாரத்தில் கதவு முழுக்கக் கடிதப் போக்குவரத்து. பெட்டியின் கைப்பிடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"பால் எடுக்கணும்னா முதல்ல பத்து லெட்டர் படிக்கணும்!" என்று பல்லிடுக்கில் சொன்னார்.

"சிரிச்ச மாதிரி சொல்லுங்க," என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமைகள்தான் கொடுமை. மாலையில் அந்தப் பெண் மேஜையில் தாளை விரிப்பாள். அவர் எதிரே கை கட்டி உட்கார்ந்திருப்பார். தன்னிடம் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு உள்ளங்கை ஏன் வியர்க்கிறது என்பது இருபது வருடத்தில் முதல்முறையாக அவருக்குப் புரிந்தது. முதல் வாரம் பணிவுக்கு மூன்று. இரண்டாம் வாரம் நான்கு. "பரவாயில்லங்க, ஏறுமுகம்தான்," என்று மனைவி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவலுக்கும் அவருக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. காலையில் கடைக்குப் போய்த் திரும்பியவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

சின்னவனும் விருந்தாளிப் பெண்ணும் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியாமல் செய்து மகிழ்விக்கும் ஏற்பாடு. வாளி நிறையச் சோப்பு நுரை. ஆளுக்கு ஒரு கம்பிச் சுருள். அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள். காரின் முன்மூடி முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். கதவில் இருந்த டிரைவிங் ஸ்கூல் பெயரில் பாதியும், தொலைபேசி எண்ணில் கடைசி நான்கும் காணவில்லை.

"அப்பா, போகவே மாட்டேன்னுச்சு! நாங்க விடலையே!" என்றான் சின்னவன், பெருமை தாங்காமல்.

பதினெட்டு நாள் சத்தம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

என்னென்ன சொன்னார் என்று எழுதப் போவதில்லை. மூளையில் தொடங்கி, வளர்ப்பில் புகுந்து, கடல் கடந்து வந்து காரைக் கெடுக்க வேண்டுமா என்பது வரைக்கும் போனார். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சின்னவன் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அந்தப் பெண் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கையிலிருந்த கம்பிச் சுருளிலிருந்து நுரை சொட்டிக்கொண்டே இருந்தது.

வாசலுக்கு வந்த பெரியவள் அதைக் கேட்டு அப்படியே திரும்பினாள். உள்ளே போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் நிறுத்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாள் விரிந்தது. அவர் எதிரே உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எழுதி முடித்து அந்தப் பெண் எழுந்து போனதும் குனிந்து பார்த்தார்.

பேச்சில் பணிவு: ஐந்துக்கு ஐந்து.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க வாம்மா. இது என்ன?"

"மதிப்பெண், அங்கிள்."

"நேத்து நான் கத்தினது இந்தத் தெரு முழுக்கக் கேட்டுச்சே!"

அந்தப் பெண் சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள். "சோப்புத் தண்ணி... என் காதுல போயிடுச்சு, அங்கிள். ஒண்ணும் கேக்கலை."

சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், பூஜ்யம் போட்டிருந்தால் மதித்திருப்பார். "யார் இவளைப் பொய் எழுதச் சொன்னது? தகுதி இல்லாதவனுக்கு மதிப்பெண் போடலாமா? ரோட்டுல போனா நாலு பேர் சாவாங்க!" என்று தட்டைப் பார்த்துப் பொரிந்தார். மனைவியும் பெரியவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பரிமாற்றத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை சின்ன அறையில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க, எனக்குக் கோபம் வரும்," என்று அவர் நின்றபடியே தொடங்கினார். "இதுல பேச்சில் பணிவுக்கு அஞ்சு போட்டிருக்கு. அது பொய். வியாழக்கிழமை நான் அந்தப் பொண்ணைக் கண்டபடி திட்டிட்டேன். எனக்குப் பூஜ்யம் போடுங்க. ஆனா என் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அவ ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கா. எனக்கு வேற என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க, அவளை மட்டும் அனுப்பிடுங்க."

கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது அவர் குரல் மிகவும் தணிந்திருந்தது.

ஆசிரியை தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க பொண்ணு போறது போன மாசமே உறுதியாயிடுச்சே, சார். உங்க மனைவிதான் வந்து கையெழுத்துப் போட்டாங்க." பிறகு தாளின் மேல் விளிம்பை விரலால் தடவினார். "இதோட தலைப்பை யார் கத்தரிச்சது?"

"தலைப்பா?"

ஆசிரியை மேஜை இழுப்பறையைத் திறந்து, மூன்று புதுத் தாள்களை எடுத்து நீட்டினார்.

"அந்தப் பொண்ணு உங்களுக்கு மதிப்பெண் போடற தாளே கிடையாது, சார். நீங்கதான் அவளுக்குப் போடணும். மூணு வாரமா உங்க பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன், 'அப்பா எழுதிட்டு இருக்கார், எழுதிட்டு இருக்கார்'ங்கறா. இன்னிக்குள்ள நீங்க தரலைன்னா அந்த வெளிநாட்டுப் பொண்ணுக்குச் சான்றிதழே கிடையாது. பாவம், அவளே நேத்து வந்து கேட்டுட்டுப் போனா."

அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. ஆசிரியை திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஆனால் சத்தம் வரவில்லை. "நான்தான் மறந்துட்டேன், மேடம்," என்றார். "வீட்ல ஞாபகப்படுத்திக்கிட்டேதான் இருந்தாங்க."

காருக்கு வந்து உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றினார். ஸ்டீயரிங் மேல் தாள்களை வைத்து ஒவ்வொன்றாக நிரப்பினார். குளியலறை நாற்பது நிமிடத்தை நினைத்து, முதல் வாரம் நேரம் தவறாமைக்கு மூன்று போட்டார். அதில் சலுகை கிடையாது. தவறை ஒப்புக்கொள்ளுதலுக்கு மூன்று வாரமும் ஐந்து.

மூன்றாவது தாளின் கடைசி வரி, வீட்டுத் தாளில் கத்தரித்துப் போன பகுதி: 'மாணவியால் பொருட்சேதம் ஏதேனும் நேர்ந்ததா? விவரிக்கவும்.'

தலையை நிமிர்த்தினார். கண்ணாடிக்கு அப்பால் காரின் முன்மூடி வெயிலில் வட்ட வட்டமாக மின்னியது.

'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

ஆசிரியையின் அறைக்குத் திரும்பியபோது அவர் அங்கே இல்லை. தாள்களை மேஜையில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் அவை படபடத்தன. பக்கத்தில் இருந்த கோப்பை எடுத்து அவற்றின் மேல் பாரமாக வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.